ஆங்கிலப் பாடல்களில் கடைசிப் பல்லவியில் திடீரென்று சுருதி ஏறுவது ஏன்? எல்லா வகை இசையிலும் அது ஒரே உத்திதானா?

ஒரே உத்தி இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் 'சுருதி மாற்றம்' என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு இசை வகையும் அதற்குள் நுழையும் வழி வேறு, நுழையும் காரணமும் வேறு. சர்ச் கொயருக்கும் மெல்லிசை மேடைக்கும் கீபோர்டு வாசிப்பவன் என்பதால், எனக்கு இது தினசரி வேலையோடு சேர்ந்த விஷயம். நம் மேடைக் கணக்கிலேயே சொல்கிறேன்: சி என்றால் 1 கட்டை, டி 2, ஈ 3, ஜி 5, ஏ 6, பி 7. கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை என்று இடையில் வரும்.

முதலில் நம் காதுக்கு இது ஏன் இவ்வளவு பளிச்சென்று படுகிறது என்று பார்க்கலாம். கர்நாடகக் கச்சேரியில் தம்புரா முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஆதார ஸட்ஜத்தில், அதாவது அடிப்படை 'ஸ'வில் நிற்கும். சில ராகங்களுக்கு மத்யம சுருதி வைப்பதுண்டு, அவ்வளவுதான். கிரக பேதம் செய்யும்போது ஸ்வரங்கள் அதே இடத்தில் இருக்க, ஸட்ஜம் மட்டும் வேறு இடத்துக்குப் போகும். மோகனத்தின் காந்தாரத்தை ஸட்ஜமாக எடுத்துக்கொண்டால் ஹிந்தோளம் வந்துவிடும். மேற்கத்திய பாப் பாட்டின் கடைசி ஏற்றம் இதற்கு நேர் எதிர். மெட்டு அப்படியே இருக்கும், வரியும் அதேதான், ஆனால் ஸட்ஜத்தோடு சேர்ந்து எல்லா ஸ்வரமும் மேலே போய்விடும். ராகம் மாறவில்லை, தொண்டை மட்டும் இன்னும் கொஞ்சம் இழுபடுகிறது. அந்த இழுபறியைத்தான் நாம் உணர்ச்சி என்று கேட்கிறோம்.

இதற்கு விட்னி ஹூஸ்டனின் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' போல இன்னொரு உதாரணம் எனக்குத் தெரியாது. அது டாலி பார்ட்டன் எழுதி 1974-ல் வெளியிட்ட கன்ட்ரி பாட்டு. அவர் பதிவில் சுருதி மாறவே மாறாது. மூன்றாவது சரணத்தை அவர் பாடுவதுகூட இல்லை, எதிரில் இருப்பவரிடம் சொல்வதுபோல் பேசுவார். கன்ட்ரி இசையில் கதையைச் சொல்லும் குரல்தான் முக்கியம், அதற்கு அது போதும். 1992-ல் விட்னி அதே பாட்டை 'தி பாடிகார்டு' படத்துக்குப் பாடியபோது, அந்த மூன்றாவது சரணத்தை அடக்கமாகப் பாடி முடிக்கிறார். வாத்தியம் எல்லாம் அடங்குகிறது. ஒரு மௌனம், டிரம்மில் ஒரே ஓர் அடி, அடுத்த கணம் பாட்டு 6 கட்டையிலிருந்து 7 கட்டையில் நிற்கிறது. நடுவில் வழிகாட்டும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) எதுவும் கிடையாது. டாலி பேச்சால் செய்ததை விட்னி சுருதியால் செய்திருக்கிறார். அந்த மௌனத்தை எடுத்துவிட்டு வெறும் ஏற்றத்தை மட்டும் வைத்துப் பாருங்கள், பாதி பலம் போய்விடும்.

விட்னி நியூவார்க் நகரில் சர்ச் கொயரில் பாடி வளர்ந்தவர். காஸ்பல் இசையில், அதாவது அமெரிக்கக் கறுப்பின சர்ச்சுகளின் பக்தி இசையில், ஒரே பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடி, அரைக்கட்டை அரைக்கட்டையாக ஏற்றுவது சகஜம். அங்கே பாடகர் தனியாக ஏறுவதில்லை, சபையையே கூட்டிக்கொண்டு ஏறுகிறார். மைக்கேல் ஜாக்சனின் 'மேன் இன் த மிரர்' (1987) இந்த மரபை அப்படியே பாப்புக்குள் கொண்டுவந்தது. 5 கட்டையிலிருந்து ஐந்தரைக்கு ஏறுவது மாற்றத்தைச் சொல்லும் 'சேஞ்ச்' என்ற அந்த ஒற்றைச் சொல்லின் மேல்தான். பின்னால் பாடும் ஆண்ட்ரே க்ரவுச் கொயர் நிஜமான காஸ்பல் கொயர். நான் ஆராதனையில் வாசிக்கும்போது எனக்கு வழிகாட்டி இந்தப் பாட்டுதான்.

ராக்கில் வேறு குணம். பான் ஜோவியின் 'லிவின் ஆன் எ ப்ரேயர்' (1986) கடைசிப் பல்லவியை 5 கட்டையிலிருந்து ஆறரைக்குத் தூக்குகிறது. மூன்று அரைக்கட்டை, பெரிய தாவல். அதோடு தாவும் இடத்தில் நாலு எண்ணிக்கைத் தாளத்தில் ஓர் எண்ணிக்கையை வெட்டிவிடுகிறார்கள். நாம் எதிர்பார்த்த நேரத்துக்கு ஒரு எண்ணிக்கை முன்பே பல்லவி வந்து மோதுகிறது. புதிதாக வாசிப்பவர்கள் அநேகமாக இங்கேதான் தடுமாறுவார்கள், சுருதியில் அல்ல.

ஏற்றம்தான் சுருதி மாற்றம் என்று நினைக்கவும் வேண்டாம். ஜானி கேஷின் 'ஐ வாக் த லைன்' (1956) சரணத்துக்குச் சரணம் சுருதி மாறும். பழைய மத்யமம் ('ம') புது ஸட்ஜம் ஆகும், அதிலிருந்து இன்னொரு மத்யமத்துக்குப் போகும், அப்புறம் வந்த வழியே திரும்பும். கடைசிச் சரணம் முதல் சரணமேதான், ஆனால் ஒரு ஸ்தாயி கீழே, மந்தர ஸ்தாயியின் அடியில். ஒவ்வொரு சரணத்துக்கு முன்னாலும் அவர் முனகுவது கேட்கும், புது ஸட்ஜத்தைப் பிடித்துக்கொள்வதற்காக. பின்னணியில் இரண்டு மூன்று வாத்தியம்தான். மனைவிக்கு உண்மையாக இருப்பேன் என்று உறுதி சொல்லும் பாட்டு இது. உச்சத்தில் கத்தாமல் அடியாழத்தில் போய் முடிவதால்தான் அந்த உறுதியை நம்ப முடிகிறது. என் கணக்கில் பாப்புலர் இசையிலேயே மிக நேர்மையான சுருதி மாற்றம் இது.

பீட்டில்ஸின் 'பென்னி லேன்' (1967) இன்னும் நுட்பம். சரணம் 7 கட்டை, பல்லவி 6 கட்டை. வழக்கமாகப் பல்லவி மேலே போகும், இங்கே கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் பொதுவான ஈ மேஜர் கார்டு பாலமாக இருப்பதால் இறங்கியதே தெரியாது. கடைசியில் பல்லவியை 7 கட்டையிலேயே பாடி முடிக்கிறார்கள். அதுவரை நினைவில் மட்டும் இருந்த அந்தத் தெரு திடீரென்று கண்முன் வந்ததுபோல் இருக்கும்.

ஜாஸுக்கு இதெல்லாம் சாதாரணம். ஜெரோம் கெர்ன் 1939-ல் இசையமைத்த 'ஆல் த திங்ஸ் யூ ஆர்' 36 பார்களுக்குள் (தாளச் சுற்றுகளுக்குள்) ஐந்து சுருதிகளைத் தொட்டுவிடும்.

சரி, இப்போது ஏன் குறைந்துவிட்டது? கடைசி ஏற்றத்தை விமர்சகர்கள் 'லாரி டிரைவர் கியர் மாற்றம்' என்று கேலி செய்தது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம் பாட்டு உருவாகும் முறை என்று நினைக்கிறேன். திரும்பத் திரும்ப ஓடும் நாலு பார் லூப்பைக் கணினியில் போட்டு, அதன்மேல் அடுக்கடுக்காகச் சேர்த்துக்கொண்டே போகும்போது, நடுவில் எல்லாவற்றையும் மேலே தூக்க யாருக்கும் தோன்றாது. ராப்பில் ஏற்றுவதற்கு மெட்டே பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால்தான் பியான்ஸேயின் 'லவ் ஆன் டாப்' (2011) அவ்வளவு பேசப்பட்டது: 1, ஒன்றரை, 2, இரண்டரை, 3 என்று நான்கு முறை ஏறுகிறார்.

நீங்களே செய்து பார்ப்பதாக இருந்தால், போகவேண்டிய சுருதியின் பஞ்சமத்தில் ('ப'வில்) செவன்த் கார்டைப் பிடியுங்கள். 5 கட்டையிலிருந்து 6-க்குப் போக 3 கட்டையின் செவன்த், அதாவது ஈ செவன். ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தினால் கீபோர்டு ஏறிவிடும், பாடகரின் காதுக்குப் புது ஸட்ஜம் கிடைக்காது. அந்த ஒரு கார்டு கிடைத்தால் பெரும்பாலானவர்கள் சரியாகப் போய் நிற்பார்கள். ஆரம்பக் கட்டையையும் பின்னாலிருந்து தீர்மானியுங்கள்: கடைசிப் பல்லவியின் உச்ச ஸ்வரம் பாடுபவருக்கு எந்தக் கட்டையில் சிரமமில்லாமல் எட்டுகிறது என்று முதலில் பாடவைத்துப் பார்த்துவிட்டு, அங்கிருந்து இறங்கி வந்து தொடங்குங்கள்.