கண்ணில் தெரிவதும் ஃபிலிமில் விழுவதும்: மீடியம் ஃபார்மட் ரேஞ்ச்ஃபைண்டர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் 120 ஃபிலிம் (35 மி.மீ.-ஐவிட அகலமான, மீடியம் ஃபார்மட் எனப்படும் ரோல்) போடும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்.எல்.ஆரில் பழகி வந்தவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் நீங்கள் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. அதற்கு மேலே ஓரமாக இருக்கும் தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறீர்கள். அதில் தெரியும் இரண்டு பிம்பங்களை, ஃபோகஸ் வளையத்தைத் திருகி ஒன்றாக்கினால் ஃபோகஸ். கீழே வரும் தொல்லைகளில் முக்கால்வாசி அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

35 மி.மீ. ரேஞ்ச்ஃபைண்டர் பல வருடமாக வைத்திருக்கிறேன். பெரிய நெகட்டிவுக்கு மாற ஆசை. 645, 6×6, 6×7, 6×9 இவற்றில் எதில் தொடங்குவது?

எல்லோரும் முதலில் பரப்பளவுக் கணக்கைத்தான் போடுவார்கள், நாமும் போட்டுவிடலாம். இந்த எண்கள் எல்லாம் ஃப்ரேமின் அளவு, சென்டிமீட்டரில் ஏறத்தாழ; 645 என்பது 6×4.5. 35 மி.மீ. நெகட்டிவோடு ஒப்பிட்டால் 645 ஏறக்குறைய 2.7 மடங்கு, 6×6 மூன்றரை மடங்கு, 6×7 நாலரை மடங்கு, 6×9 ஐந்து மடங்குக்கும் மேல். ஒரு 120 ரோலில் கிடைக்கும் ஃப்ரேம்கள் அதே வரிசையில் 15 அல்லது 16, 12, 10, 8.

ஆனால் தேர்வை முடிவு செய்ய வேண்டியது ஃப்ரேமின் வடிவம். 6×9-இன் விகிதம் 35 மி.மீ. போலவே 2:3. உங்கள் கண் ஏற்கனவே அதற்குப் பழகியிருக்கிறது, புதிதாக எதுவும் கற்க வேண்டாம். 6×7 கொஞ்சம் குட்டையானது; 8×10 பிரிண்ட் போட்டால் ஓரத்தில் மிகக் கொஞ்சம்தான் வெட்டுப்படும். சதுரம் தனிப் பழக்கம். பிடித்தவர்களுக்கு அதைவிட்டால் வேறு எதுவும் சரிப்படாது. பிடிக்காதவர்கள் ஒவ்வொரு படத்தையும் வெட்டிக்கொண்டே இருப்பார்கள். சதுரத்தைச் செவ்வகமாக வெட்டினால் கையில் மிஞ்சுவது 645 அளவுதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

645-இல் ஒரு வேடிக்கை உண்டு. ஃபியூஜி ஜி.எஸ்.645 வரிசை, பிரானிக்கா ஆர்.எஃப்.645 போன்றவற்றைச் சாதாரணமாகக் கிடையாகப் பிடித்தால் விழுவது நெட்டுப் படம். நிலக்காட்சி எடுக்கக் கேமராவைத் திருப்ப வேண்டும். ஆள் படம் அதிகம் எடுப்பவருக்கு இது வரம், மற்றவர்களுக்கு முதல் மாதம் எரிச்சல்.

அப்புறம், வாங்கும் முன் உங்கள் என்லார்ஜரையோ (நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போடும் கருவி) ஸ்கேனரின் ஃபிலிம் ஹோல்டரையோ பாருங்கள். 6×6-ஓடு நின்றுவிடும் என்லார்ஜர்கள் ஏராளம். 6×9 நெகட்டிவைக் கையில் வைத்துக்கொண்டு பிரிண்ட் போட வழியில்லாமல் உட்கார்ந்திருப்பது நல்ல அனுபவம் இல்லை.

மமியா 6-ஆ, மமியா 7-ஆ?

முந்தைய பதிலில் பாதி விடை வந்துவிட்டது. 1989-இல் வந்த மமியா 6 சதுரம். 1995-இல் வந்த மமியா 7, 6×7. முன்னதில் லென்ஸ் மவுண்ட் உடம்புக்குள் அமுங்கிக்கொள்ளும், பையில் தட்டையாகக் கிடக்கும். அதற்கு 50, 75, 150 என்று மூன்றே லென்ஸ்கள். 7-க்கு 43 முதல் 210 வரை ஆறு. அந்த 210 ரேஞ்ச்ஃபைண்டரோடு இணையாது, தூரத்தை ஊகித்து வளையத்தில் வைக்க வேண்டும் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நடைமுறையில் பெரும்பாலானோர் 80 அல்லது 65 ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். லென்ஸ்களின் தரத்தில் எதுவும் சோடை இல்லை. எஸ்.எல்.ஆர். போல உள்ளே கண்ணாடி துள்ளி எழ இடம் விடத் தேவையில்லை என்பதால் வைட் லென்ஸின் பின்பகுதியை ஃபிலிமுக்கு மிக அருகில் கொண்டுவர முடிந்தது. 43-இன் புகழுக்குக் காரணம் அதுதான்.

இரண்டிலும் ஷட்டர் மின்சாரத்தில் ஓடுவது. பேட்டரி செத்தால் கேமராவும் செத்த மாதிரிதான். 6-க்கு இரண்டு எல்.ஆர்.44, 7-க்கு 6 வோல்ட் 4எல்.ஆர்.44 ஒன்று. மாற்று பேட்டரி பையில் எப்போதும் இருக்கட்டும்.

லென்ஸ் மாற்றும்போது ஷட்டர் லென்ஸோடு கழன்று வந்துவிடும், அதனால் ஃபிலிமை மறைக்க உள்ளே ஒரு திரை இருக்கிறது. அதை மூடாமல் லென்ஸ் கழலாது. மறுபடி திறக்காமல் ஷட்டர் அடிக்காது. “கேமரா திடீரென்று வேலை செய்யவில்லை” என்று எனக்கு வரும் கேள்விகளில் பல, இந்தத் திரையைத் திறக்க மறந்தவர்களுடையவை.

ஒரு ரோல் முழுக்க வெறுமையாக வந்திருக்கிறது. லேபில் கெடுத்துவிட்டார்களா?

ஃபிலிம் விளிம்பைப் பாருங்கள். கம்பெனி பெயரும் ஃப்ரேம் எண்களும் கறுப்பாகத் தெரிகின்றனவா? தெரிந்தால் டெவலப்பிங்கில் கோளாறு இல்லை, ஃபிலிமுக்கு ஒளியே போய்ச் சேரவில்லை. லென்ஸ் மூடி. வியூஃபைண்டரில் உலகம் பளிச்சென்று தெரியும், மீட்டர்கூட ஒழுங்காக எண் காட்டும், ஏனென்றால் பல மாடல்களில் மீட்டரும் லென்ஸ் வழியாக அளப்பதில்லை. நானும் இப்படி ஒரு அதிகாலை முழுவதையும் மூடிக்குத் தாரை வார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து மூடி வீட்டில், லென்ஸில் ஒரு யு.வி. ஃபில்டரும் ஹூடும்.

ஃபியூஜி ஜி.டபிள்யூ.690 பார்த்தேன். மீட்டரும் இல்லை, பேட்டரியும் இல்லை. இதை வைத்துச் சமாளிக்க முடியுமா?

தாராளமாக. பேட்டரி இல்லாததுதான் அதன் பலம். 90 மி.மீ. எஃப்/3.5 லென்ஸ் நிலையாகப் பொருத்தியது, லென்ஸுக்குள் மெக்கானிக்கல் ஷட்டர், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை. டெக்சஸ் லைக்கா என்று, 35 மி.மீ. ரேஞ்ச்ஃபைண்டரான லைக்காவின் பெயரால் செல்லப்பெயர் வைத்தது சும்மா இல்லை. கையில் எடுத்தால் சாதாரண ரேஞ்ச்ஃபைண்டரை யாரோ ஊதிப் பெரிதாக்கியது போலத்தான் இருக்கும். அகலமாக வேண்டுமென்றால் 65 மி.மீ. லென்ஸோடு ஜி.எஸ்.டபிள்யூ.690.

மீட்டருக்குப் பதிலாக ஒரு கணக்கு: நல்ல வெயிலில் அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித் துவாரம்) எஃப்/16-இல் வையுங்கள். ஷட்டர் ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு அருகில். 100 ஃபிலிமுக்கு 1/125, 400-க்கு 1/500. லேசான மேகத்துக்கு ஒரு ஸ்டாப் (ஒளியை இரு மடங்காக்கும் ஒரு படி), மூடிய வானத்துக்கு மூன்று, திறந்த நிழலுக்கு மூன்று அல்லது நாலு திறந்துவிடுங்கள். கலர் நெகட்டிவோ கறுப்பு-வெள்ளையோ என்றால் சந்தேகம் வரும்போது ஒளியைக் கூட்டுங்கள், தாங்கும். ஸ்லைடு ஃபிலிம் தாங்காது. வீட்டுக்குள்ளும் அந்தி நேரத்திலும் இந்தக் கணக்கு உதவாது, அங்கே போனில் ஒரு லைட் மீட்டர் ஆப் போதும். ஒரு ரோலுக்கு எட்டே படம் என்பதால் நிதானமாக அளக்க நேரம் எப்படியும் கிடைக்கும்.

பழையது வாங்கும்போது கேமராவின் அடியில் உள்ள சிறு எண்ணியைப் பாருங்கள். பத்து ஷாட்டுக்கு ஒன்றாக ஏறுவது. 125 என்றால் சுமார் 1,250 ஷாட். ஓட்டம் குறைவாக இருந்தால் மட்டும் மகிழ்ந்துவிடாதீர்கள். வருடக்கணக்கில் சும்மா கிடந்த ஷட்டரின் மெதுவான வேகங்கள் இழுத்துக்கொள்ளும். 1 விநாடியில் வைத்து அடித்துக் காதால் கேளுங்கள்.

ஆள் படங்களில் ஃபோகஸ் தப்புகிறது. தூரத்துப் படங்கள் சரியாகவே வருகின்றன. கேமராவிலா, என் கையிலா?

முதலில் நெகட்டிவை லூப்பில் (உருப்பெருக்கியில்) பாருங்கள். முகம் மங்கலாக இருந்து, பின்னால் சுவரோ முன்னால் சட்டைப் பொத்தானோ கூர்மையாக இருந்தால் அது ஃபோகஸ் பிழை. எதுவுமே கூர்மையாக இல்லை என்றால் கை ஆடியிருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல கேமராவைப் பழுதுபார்க்கக் கொடுத்தவர்கள் உண்டு.

ஃபோகஸ்தான் என்றால், கிட்டத்தில் எவ்வளவு கொஞ்சம் இடம்தான் இருக்கிறது என்பதைப் பாருங்கள். 6×7-இல் 80 மி.மீ. லென்ஸ், எஃப்/4, 1 மீட்டர் தூரம்: கூர்மையாக இருக்கும் ஆழம் மொத்தமே 5 செ.மீ. அளவு. கண்ணில் ஃபோகஸ் செய்துவிட்டு, ஃப்ரேமைச் சரிசெய்ய நீங்கள் லேசாக முன்னால் சாய்ந்தாலே பாதி போயிற்று. கிட்டத்தில் எஃப்/8-க்கு மூடிவிடுங்கள், ஃபோகஸ் செய்ததும் மூச்சை நிறுத்தி அடியுங்கள்.

அப்படியும் தப்பினால் சோதனை. மேசையில் ஏழெட்டுப் புத்தகங்களைச் சாய்கோட்டில், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, 3 செ.மீ. இடைவெளியில் நிறுத்துங்கள். கேமரா ஸ்டாண்டில், தூரம் ஒன்றரை மீட்டர் போல. நடுப் புத்தகத்தின் முதுகில் உள்ள நெட்டுக்கோடு உள்ள ஏதாவது ஒரு எழுத்தில், ‘ா’ இருந்தால் இன்னும் நல்லது, அதன் செங்குத்துக் கோட்டில் இரண்டு பிம்பங்களையும் ஒன்றுசேருங்கள். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து எடுங்கள். வளையத்தை நன்றாகக் கலைத்துவிட்டு மறுபடி ஃபோகஸ் செய்து இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. மூன்றிலும் ஒரே பக்கத்துப் புத்தகம் கூர்மையாக வந்தால் ரேஞ்ச்ஃபைண்டர் நகர்ந்திருக்கிறது. ஒவ்வொன்றில் ஒவ்வொரு புத்தகம் என்றால் குற்றவாளி உங்கள் கண், அல்லது கண்ணாடி பவர்.

கூடவே இன்ஃபினிட்டியையும் பாருங்கள். வளையம் கடைசியில் முட்டி நிற்கும்போது நிலாவின் இரண்டு பிம்பங்களும் ஒன்றாக வேண்டும். பக்கவாட்டில் விலகி நின்றால் ஃபோகஸ் தப்பும். மேலும் கீழுமாக விலகியிருந்தால் ஃபோகஸ் அவ்வளவாகக் கெடாது, ஆனால் பிம்பம் சேர்ந்ததா இல்லையா என்று கண் தடுமாறும். இரண்டுமே ரிப்பேர்காரர் திருகிச் சரிசெய்வதுதான், நீங்கள் மூடியைக் கழற்ற வேண்டாம்.

நெருக்கமான முக போர்ட்ரெய்ட்டுக்கு 150 மி.மீ. வாங்கலாமா?

வேண்டாம். மமியாவின் 150 நெருங்குவது 1.8 மீட்டர் வரைதான், 80 நெருங்குவது 1 மீட்டர். கணக்குப் போட்டால் இரண்டிலும் ஃப்ரேமில் விழும் பரப்பு ஏறக்குறைய ஒன்றே: தலையோடு மார்பளவு. 150-இல் தள்ளி நிற்பதால் முகவெட்டு இயல்பாக வரும், அது நிஜமான லாபம். முகம் மட்டும் ஃப்ரேமை நிறைக்க வேண்டுமென்றால் எஸ்.எல்.ஆர். பக்கம் போங்கள்.

தாத்தாவின் மடக்குக் கேமரா ஒன்று கிடைத்திருக்கிறது, சூப்பர் ஐகோன்டா. ஓட்டலாமா?

ஓட்டுங்கள், ஆனால் முதலில் பெல்லோஸ், அதாவது லென்ஸையும் உடம்பையும் இணைக்கும் மடிப்புப் பை. இருட்டறையில் பின்கதவைத் திறந்து உள்ளே சின்ன டார்ச்சை வைத்து, மடிப்பு மூலைகளை வெளியிலிருந்து பாருங்கள். ஊசிமுனைப் புள்ளி தெரிந்தால்கூட அது ஃபிலிமில் புகை மாதிரி விழும். இரண்டாவது, இதில் ரேஞ்ச்ஃபைண்டர் வேலை செய்வது லென்ஸ் அருகே கைபோல நீட்டி நிற்கும் சிறு உறுப்பில் சுழலும் ஆப்புவடிவக் கண்ணாடிகளால். முன் லென்ஸோடு பல்சக்கரத்தில் இணைந்தது. அது லேசில் நகராது. ஆனால் யாராவது சுத்தம் செய்கிறேன் என்று முன் லென்ஸைக் கழற்றித் தப்பான பல்லில் மாட்டியிருந்தால் எல்லாம் போச்சு. சோவியத் மாஸ்க்வா-5-க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மூன்றாவதை யாரும் சொல்லித்தருவதில்லை. படம் எடுத்தவுடனே ஃபிலிமைச் சுற்றிவிட்டு மடக்கி வைப்பது பலரின் பழக்கம். அடுத்த முறை படக்கென்று திறக்கும்போது பெல்லோஸ் காற்றை உறிஞ்சும், ஃபிலிம் முன்பக்கம் உப்பும், நடுவில் ஃபோகஸ் போகும். மெதுவாகத் திறந்து, திறந்த பிறகு சுற்றுங்கள். சுற்றாமல் இரட்டைப் படம் விழும் ஆபத்து உண்டுதான். எனக்கு ரோலுக்கு ஒன்று விழுகிறது, பரவாயில்லை.

ஷட்டர் காம்பூர்-ராப்பிட் என்றால் உச்ச வேகத்தை, ஷட்டரைக் கொளுவும் முன்பே வைத்துவிடுங்கள். கொளுவிய பிறகு அந்த வேகத்துக்குத் திருகக் கூடாது. பின்னால் சிவப்பு ஜன்னல் இருந்தால் எண் பார்க்கும் நேரம் தவிர மூடியே இருக்கட்டும்.

ரோலின் ஓரங்களில் ஒளி புகுந்திருக்கிறது. கேமரா சீல் போய்விட்டதா?

ஒவ்வொரு ரோலிலும் அதே இடத்தில் என்றால் சீல், அதாவது பின்கதவில் ஒளியைத் தடுக்கும் அடைப்பு. சில ரோல்களில் மட்டும் என்றால் ரோல் தளர்வாகச் சுற்றியிருக்கிறது. 120-இல் ஃபிலிம் ஒரு நுனியில் மட்டுமே காகிதத்தோடு ஒட்டியிருக்கும், ஆகவே தொடக்கத்தில் தளர்ந்தால் கடைசிவரை குண்டாகவே வரும். போடும்போது, அம்புக்குறி தொடக்கப் புள்ளிக்கு வரும்வரை முழு ரோலைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பிடித்துச் சுற்றுங்கள். எடுக்கும்போது நிழலில் எடுத்து, நுனியை மடித்து, இறுக்கி ஒட்டுங்கள்.

ஃபில்டர்?

கலர் ஃபில்டர்களுக்கு நீங்களே ஈடுகட்டுங்கள், மீட்டருக்குத் தெரியாது: மஞ்சளுக்கு ஒரு ஸ்டாப், ஆரஞ்சுக்கு இரண்டு, சிவப்புக்கு மூன்று என்று தொடங்கலாம். போலரைசரைக் கையில் பிடித்துக் கண் வழியாகச் சுற்றி, பிடித்த இடத்தில் விளிம்பிலுள்ள எண்ணோ புள்ளியோ எங்கே நிற்கிறது என்று பார்த்து, லென்ஸில் அதே நிலையில் மாட்டுங்கள்.

விமான நிலைய எக்ஸ்ரே?

ஃபிலிமைக் கைப்பையில் மட்டும் வையுங்கள். சி.டி. ஸ்கேனர் என்றால் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஜி.டபிள்யூ.690-இல் ‘டி’ (ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கும் நிலை) வைத்து இரவுப் படம் எடுத்தேன். ஷட்டர் திறந்தது, மூடவே இல்லை!

பழுது இல்லை. அதில் ‘டி’ இரண்டாவது அழுத்தலுக்கு மூடாது. ஷட்டர் வேக வளையத்தை வேறு எண்ணுக்குத் திருப்பினாலோ ஃபிலிம் லீவரைத் தள்ளினாலோதான் மூடும். அப்படித் திருப்பும்போது கேமரா ஆடி, விளக்குகள் எல்லாம் சிறு வால் முளைத்துத் தெரியும். அதனால் நேரம் முடிந்ததும் முதலில் லென்ஸ் மூடியைப் போடுங்கள், பிறகு நிதானமாக வளையத்தைத் திருப்புங்கள். மூடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னவன் நான்தான். இரவுப் படத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.