யானைப் பிரச்சினையைக் கையாளும் பொறுப்பு அரசிடம் இருக்க வேண்டுமா, ஊரிடமா?

யானை ஊருக்கும் வயலுக்கும் வராமல் தடுக்கும் மின்வேலியின் பொறுப்பு ஊரிடம் இருக்க வேண்டும் என்பேன். அதற்காக அரசு கையைக் கழுவிவிட முடியாது. மட்டக்களப்பு படுவான்கரையில் வயல் செய்யும் குடும்பத்தில் பிறந்தவள் நான், அதனால் இலங்கையை வைத்தே சொல்கிறேன்.

இங்கே 2019இல் 400க்கும் மேற்பட்ட யானைகளும் 120 பேரளவில் மனிதர்களும் இறந்தார்கள். 2023இல் இறந்த யானைகளின் எண்ணிக்கை 470ஐயும் மனிதர்களின் எண்ணிக்கை 160ஐயும் தாண்டிவிட்டது. இத்தனைக்கும் நாட்டில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு யானை வேலி இருக்கிறது. அதில் பெரும்பகுதி நிற்கும் இடமே பிழை. வனஜீவராசிகள் திணைக்களக் காணியும் வனத் திணைக்களக் காணியும் சந்திக்கும் எல்லையில் போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் காடு, இரண்டு பக்கமும் யானை.

யானைகளை எல்லாம் சரணாலயத்துக்குள் விரட்டிவிடலாம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். நாட்டின் நிலத்தில் கிட்டத்தட்ட 60 வீதத்தில் யானை நடமாடுகிறது, அதில் பெரும்பாலான இடங்களில் மக்களும் குடியிருக்கிறார்கள். எங்கே விரட்டுவது? வெடி கொளுத்தித் துரத்தினால் குட்டிகளோடு திரியும் கூட்டம்தான் உள்ளே போய்ப் பட்டினி கிடக்கிறது. வேளாண்மையைத் தின்ன வரும் அலியன், அதாவது ஆண் யானை, திரும்பி வந்துவிடும், அதுவும் முன்னைவிட மூர்க்கமாக.

குருநாகல் மாவட்டம் கல்கமுவப் பக்கம் வேறு மாதிரிச் செய்தார்கள். யானை ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோவின் குழு விவசாயிகளோடு சேர்ந்து, ஊரையும் வயலையும் சுற்றி வேலி போட்டது. ஊர் வேலி எப்போதும் நிற்கும். வயல் வேலி விதைப்போடு ஏறும், அறுவடை முடிந்ததும் கழற்றி எடுத்துவிடுவார்கள். பிறகு அறுத்த தாளை யானை மேய்ந்துவிட்டுப் போகட்டும், யாருக்கும் நட்டமில்லை. காணிக்காரர்களே குழு அமைத்து, காசு சேர்த்து, முறை வைத்துப் பார்க்கிறார்கள். மின்வேலியில் பெரிய வேலை பராமரிப்புத்தான். ஒரு கொடி கம்பியில் படர்ந்தாலே மின் இறங்கிவிடும். தன் நெல் உள்ளே நிற்கிறவன் பொழுதுபடும் நேரத்தில் கட்டாயம் ஒரு சுற்றுப் போய்ப் பார்ப்பான்.

2020இல் பெர்னாண்டோ தலைமையிலான குழு தயாரித்த தேசியச் செயற்றிட்டமும் இதைத்தான் கேட்கிறது. அதை முழுதாக நடைமுறைப்படுத்தாமல் இழுத்தடிப்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

அரசுக்கு வேலை இல்லாமல் இல்லை. தரமான கருவி, செலவில் ஒரு பங்கு, சுணங்காத நட்டஈடு. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்கு இழுப்பதை நிறுத்துவதும் அவர்கள் கடமை. அது யானையையும் கொல்லும், மனிதரையும் கொல்லும்.

ஊர்க் குழுவிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போருக்குப் பிறகு எங்கள் பக்கம் பெண்களே தனியாக நடத்தும் குடும்பங்கள் நிறைய. இரவு முறை அவர்களுக்குக் கஷ்டம். பகலில் பற்றை வெட்டும் முறையைக் கொடுக்கலாம், விரும்பினால் காசாகக் கட்ட விடலாம். பங்கைக் காணி அளவுப்படி எழுதினால் அரை ஏக்கர்க்காரரும் தயங்காமல் சேருவார்.