மழை வந்தால் கீச்சிடும் பெல்ட்

கேள்வி: அண்ணே, ஏலத்தோட்ட வேலையாக வாரம் இரண்டு தடவை போடியிலிருந்து பூப்பாறைக்குப் போய் வருகிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீசல் கார், 90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘கீச்’ என்று கத்துகிறது, மெட்டில் மழை பிடித்துவிட்டால் வழி நெடுக அதே பாட்டு. ஃபேன் பெல்ட் போயிருக்கும், மாற்று என்கிறார்கள். வீட்டிலேயே மாற்ற முடியுமா?
– ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: மாற்றலாம் தம்பி, ஆனால் பெல்ட் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் அது எதற்குக் கத்துகிறது என்று பார்த்துவிடுங்கள். நாம் பழக்கதோஷத்தில் ஃபேன் பெல்ட் என்கிறோமே தவிர, இப்போதைய கார்கள் பலவற்றில் ஃபேன் தனி மோட்டாரில் ஓடுகிறது. இது பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிற ஒரே நீள பெல்ட், டைனமோ, ஏசி கம்ப்ரசர், பவர் ஸ்டீயரிங் பம்ப், பல எஞ்சின்களில் வாட்டர் பம்ப் என்று எல்லாவற்றையும் இதுவே இழுத்துக்கொண்டு போகிறது. உறைக்குள்ளே மூடி வைத்திருக்கும் டைமிங் பெல்ட் வேறு, அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஒரு பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து பெல்ட்டின் பல் பக்கமாகத் தெளித்துப் பாருங்கள் (தோளில் துண்டு, தொங்குகிற சட்டைக் கை எதுவும் கிட்டே போகக்கூடாது). சத்தம் சட்டென்று நின்று கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்க்கோட்டில் இல்லை. புது பெல்ட் போட்டாலும் அது மறுபடி கத்தும். தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, அதாவது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, இல்லையென்றால் பெல்ட் தேய்ந்துவிட்டது. மழையில் கூடுகிறது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு வழுக்கல் மேல்தான் சந்தேகம். பழைய ரப்பர் பெல்ட் வெடிப்பு விட்டுக் காட்டிக்கொடுக்கும். இப்போது வருகிற இபிடிஎம் ரப்பர் அவ்வளவு சீக்கிரம் வெடிக்காது, டயர் மாதிரி சத்தமில்லாமல் தேயும், பார்த்தால் புதுசு போலவே இருக்கும், அதில் ஏமாந்தவர்கள் அதிகம்.

கடையில் வண்டிப் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், பெல்ட் முதுகில் இருக்கிற நம்பரையும் சொல்லுங்கள். உதாரணத்துக்கு 6பிகே1230 என்றால் ஆறு பல், 1230 மில்லிமீட்டர் நீளம்.

எஞ்சின் நன்றாக ஆறட்டும். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள். அப்புறம் முதல் வேலை, பெல்ட் போகிற பாதையை செல்போனில் நாலு பக்கமும் படம் எடுப்பது. கழற்றிய பிறகு எந்தப் புல்லிக்கு மேலே, எதற்குக் கீழே என்று யோசித்துக்கொண்டு அரை நாள் நின்றவன் சொல்கிறேன். எஞ்சின் குறுக்காக இருக்கும் கார்களில் பெரும்பாலும் முன் சக்கரத்தைக் கழற்றி உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் தட்டை எடுத்தால்தான் கை போகும். அப்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்துவிடுங்கள். டென்ஷனரில் நீளக் கைப்பிடி ஸ்பேனரை மாட்டி ஸ்பிரிங்குக்கு எதிராக மெதுவாகத் தள்ளினால் பெல்ட் தளரும், பல் இல்லாத வழவழப்பான புல்லியிலிருந்து அதை நழுவவிட்டு எடுங்கள். ஸ்பேனரைப் பட்டென்று விட்டால் விரல் போய்விடும். சில வண்டிகளில் தானியங்கி டென்ஷனர் இருக்காது, டைனமோ போல்ட்டைத் தளர்த்தி முறுக்கேற்ற வேண்டியிருக்கும். டென்ஷனரே இல்லாமல் இழுத்து மாட்டுகிற பெல்ட் என்றால் அதற்குத் தனி டூல் வேண்டும், மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

பெல்ட் இல்லாமல் புல்லிகள் சும்மா நிற்கிற இந்த ஐந்து நிமிடம்தான் முக்கியம். ஒவ்வொன்றையும் கையால் சுற்றுங்கள். அம்மிக்கல் அரைக்கிற மாதிரி ‘கரகர’ என்றாலோ பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங் போய்விட்டது. அதை விட்டுவிட்டு புது பெல்ட் போடுவது வெட்டிச் செலவு.

மாட்டும்போது பெல்ட்டின் பல் பள்ளமுள்ள புல்லியில் உட்கார வேண்டும், முதுகு வழவழப்பான புல்லியில் படவேண்டும். மாட்டியதும் ஒவ்வொரு புல்லி ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒருமுறை நான் அவசரத்தில் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டேன், கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது, முந்தல் செக்போஸ்ட் போவதற்குள் ஒரு ஓரம் நாராகப் பிரிந்து வெளியே தொங்கியது! பேட்டரியை மாட்டி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி மறுபடி ஒரு தடவை தடவிவிடுங்கள்.

கேள்வி: சத்தம் வந்தால் பெல்ட்டில் சோப்பு தேய்த்தால் போதும் என்கிறார்களே?
– ஒரு வாசகர், கம்பம்

பதில்: வேண்டாம். சத்தம் நிற்கும், வழுக்கல் நிற்காது. கடையில் விற்கிற ஒட்டும் ஸ்ப்ரேயும் அப்படித்தான், தூசியைப் பிடித்துவைத்து புல்லிப் பள்ளத்தை அடைத்துவிடும்.

கேள்வி: குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்கும்போது பெல்ட் அறுந்தால் என்ன ஆகும்?
– ஒரு வாசகர், கூடலூர் (தேனி)

பதில்: பேட்டரி லைட் எரியும், பவர் ஸ்டீயரிங் பம்ப் பெல்ட்டில் ஓடினால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். வாட்டர் பம்பும் அதே பெல்ட் என்றால் சூட்டு முள் மளமளவென்று ஏறும், ‘கீழே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும். பல பேருக்குத் தெரியாத ஒன்று: சில பழைய டீசல் வண்டிகளில் பிரேக்குக்கான வேக்கும் பம்ப் டைனமோவின் முதுகிலேயே இருக்கிறது. பெல்ட் போனால் அதுவும் நின்றுவிடும். மிச்சமிருக்கும் வேக்குமில் ஒன்றிரண்டு மிதி லேசாக வரும், அதற்கப்புறம் பெடல் இறுகிவிடும், இரண்டு காலாலும் மிதிக்க வேண்டும். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், கியரைக் குறைத்து, ஒரே மிதியாக மிதித்து முதல் அகலமான இடத்தில் ஓரம் கட்டுங்கள், எஞ்சினை வண்டி நின்ற பிறகு அணையுங்கள். மாற்றிய பழைய பெல்ட் அறுந்துபோகாமல் இருந்தால் டிக்கியில் ஒரு ஸ்பேனரோடு போட்டு வையுங்கள், மலையிறங்குகிற வரைக்கும் தாங்கும்.