மாணவர் தலைவராகத் தேர்வாகியிருக்கிறேன். உண்மையில் என்ன வேலை செய்ய வேண்டும்?

வாழ்த்தும் குழுப்படமும் முதல் வாரத்தோடு முடிந்துவிடும். அடுத்த வாரம் யாராவது வராந்தாவில் நிறுத்தி, "லைப்ரரியை 6 மணிக்கே பூட்டிடுறாங்க, கொஞ்சம் கேளுங்களேன்" என்பார். உங்கள் வேலை தொடங்குவது அங்கேதான்.

கேட்ட சூட்டோடு முதல்வர் அறைக்குப் போய்விடாதீர்கள். "எல்லாரும் கஷ்டப்படுகிறார்கள்" என்றால் "எத்தனை பேர்?" என்று கேட்பார்கள். பதில் இல்லையென்றால் பேச்சு அதோடு முடிந்தது. 5 வேலை நாட்கள், மாலை 5.45க்கு நூலகத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணித் தேதியோடு குறியுங்கள். எந்தெந்த வகுப்புகளுக்கு லேப் 5.30 வரை நீள்கிறது என்பது டைம்டேபிளிலேயே இருக்கும். பிறகு நூலகரைப் பாருங்கள். ஆள் இல்லாததுதான் காரணமாக இருந்தால், மேல்தளத்தை மூடிவிட்டு வாசிப்பறையை மட்டும் திறந்து வைக்க முடியுமா என்று அவரையே கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் மேலிடத்துக்குப் போனால் அது அவர்மேல் புகாராகிவிடும். உதவக்கூடியவர் எதிர்த்து நிற்பார்.

மனு ஒரு பக்கம் போதும், அதில் ஒரே கோரிக்கை. முதல் வரியில் நீங்கள் கேட்பது, அடுத்து எண்ணிக்கை, அதற்கடுத்து அதை நடத்த என்ன தேவை, கடைசியில் எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். 7 கோரிக்கைகளைச் சேர்த்துக் கொடுத்தால் பணம் சம்பந்தப்பட்ட ஒன்றுக்காக மற்ற ஆறும் கணக்குப் பிரிவில் காத்துக் கிடக்கும். இல்லாவிட்டால் இருப்பதிலேயே எளிதான ஒன்றைச் செய்துவிட்டு ஃபைலை மூடிவிடுவார்கள். 2 நகல் எடுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, உங்களிடம் இருக்கும் நகலில் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். "மனுவே வரலையே" என்ற பதிலுக்கு அந்தத் தாள்தான் மருந்து.

நேரில் பேசிவிட்டு வந்தால் அன்று மாலைக்குள், யார் எதற்கு ஒப்புக்கொண்டார்கள் என்று 4 வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரும்பாலான தலைவர்கள் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான்: கேட்டவர்களிடம் திரும்பிப் போய்ச் சொல்வதில்லை. பதில் "முடியாது" என்றாலும் காரணத்தோடு 2 நாளில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் உழைத்தது யாருக்கும் தெரியாது, அடுத்த பிரச்சினையை உங்களிடம் கொண்டுவரவும் மாட்டார்கள்.

பணத்தில் கறாராக இருங்கள். விழா வசூலை யாருடைய சொந்தக் கணக்கிலும் வாங்கவே வேண்டாம். நல்லெண்ணத்தில்தான் ஆரம்பிக்கும், 3 மாதம் கழித்து எது சங்கப் பணம், எது வீட்டுப் பணம் என்று பிரிக்க முடியாமல் போய் நேர்மையானவர்மேலும் பழி விழும். 2 பேர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள். பில் இல்லாத செலவுக்கு அன்றைக்கே வவுச்சர் (செலவுச் சீட்டு) எழுதுங்கள். பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள், ஒலிபெருக்கி வாடகை நேரம் தாண்டும்போது அதுதான் கைகொடுக்கும்.

குழுக் கூட்டத்துக்கு 45 நிமிடம் தாராளம். குறிப்பில் மூன்றே கட்டம்: என்ன வேலை, யார், எந்தத் தேதிக்குள். "நாங்க பாத்துக்கிறோம்" என்று எழுதிய வேலை நடக்காது. ஒரு பெயர் வேண்டும்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். ஒருவர் பாலியல் தொல்லை பற்றியோ, உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்றோ உங்களிடம் சொன்னால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நீங்களே விசாரிக்கவும் கூடாது. குறுக்கிடாமல் கேளுங்கள். தொல்லை என்றால் அடுத்து என்ன செய்யலாம் என்பதை அவர் தீர்மானிக்கட்டும். அவர் சம்மதத்தோடு புகார்க் குழுவுக்குக் கூடவே நடந்து போங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அவரைத் தனியே விடாமல், உடனே ஆலோசகருக்கோ பொறுப்பான ஆசிரியருக்கோ சொல்லுங்கள். உங்கள் மாணவர் குழுவில் மற்றவர்களுக்கு அவர் பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை.

பதவி முடிய 2 மாதம் இருக்கும்போதே ஒப்படைப்பு ஃபைலைத் தொடங்குங்கள்: கணக்குப் புத்தகம், கடவுச்சொற்கள், எந்த அனுமதிக்கு எந்த மேசைக்குப் போக வேண்டும் என்ற பட்டியல், பதில் வராத மனுக்கள். அடுத்து வருபவரை ஒருமுறை நூலகரிடமும் கணக்குப் பிரிவிலும் நேரில் கூட்டிப்போய் அறிமுகம் செய்துவையுங்கள்.