எடை குறைந்தும் ஈரலில் கொழுப்பு ஏன்?

கேள்வி: வயது 38. பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. பத்து மாதத்துக்கு முன் இரைப்பையைக் குறைக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். 112 கிலோவிலிருந்து 81-க்கு வந்துவிட்டேன். சுகர் மாத்திரை நின்றது, மாதவிடாயும் சீரானது. ஆனால் ஸ்கேனில் இன்னும் ‘ஃபேட்டி லிவர் கிரேடு 1’ என்று வருகிறது. ஈரல் என்சைம்களான எஸ்ஜிஓடி 38, எஸ்ஜிபிடி 52, ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) 2.6 லட்சம். இரண்டு இட்லிக்கு மேல் இறங்குவதில்லை. ஷிஃப்ட்டில் நாலு டீ மட்டும் குடிப்பேன். இப்போது பசி மறுபடி தலைகாட்டுகிறது. பசி ஹார்மோன்களை அளக்கும் பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா டாக்டர்?
— வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம் அம்மா, அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் பெருமளவு சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடும். அதனால்தான் முதல் சில மாதம் பசியே தெரியவில்லை. சாப்பாடு சிறுகுடலுக்குச் சீக்கிரம் போவதால், சுகரைக் குறைக்க உதவும் ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கிறது. உங்கள் சுகர் இறங்கியதில் அதற்கும் பங்குண்டு. இப்போது பசி வருவதற்கு, பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோன் குறைந்தது ஒரு காரணம். அது கொழுப்புச் செல்களிலிருந்து வருவது. கொழுப்பு கரைந்தால் அதுவும் குறையும். உடனே மூளை பட்டினி என்று நினைத்துக்கொள்ளும். எல்லாம் எதிர்பார்த்ததுதான். கிரெலின் அளவு சாப்பிட்ட நேரத்தைப் பொறுத்து ஏறி இறங்கும், எடுத்த ரத்தத்தில் சீக்கிரம் சிதைந்தும் போகும். அந்த எண்ணைப் பார்த்து எந்த டாக்டரும் உங்கள் மருந்தை மாற்றப் போவதில்லை.

தெரிய வேண்டியது ஈரலில் தழும்பு இருக்கிறதா என்பது. ‘கிரேடு 1’ என்பது கொழுப்பின் அளவைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் குத்துமதிப்பு. தழும்பை அது காட்டாது. நீங்கள் எழுதிய எண்களை வைத்தே, தழும்புக்கான வாய்ப்பைச் சொல்லும் ‘ஃபிப்-4’ கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கி, ஆயிரக் கணக்கிலான தட்டணுவையும் (உங்களுக்கு 260) எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும். 0.77 வருகிறது. 1.3-க்குக் கீழே இருப்பதால் பெரிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. ஆனாலும் சுகர் இருந்த உடம்பு. ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேனை ஒருமுறை எடுத்துவிடுங்கள். 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் நிம்மதி. ஆபரேஷனின்போது ஈரலில் சதை எடுத்துப் பரிசோதித்திருந்தால் அந்த ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

பத்து மாதத்தில் எல்லாம் சுத்தமாகிவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். பிரான்சின் லீல் நகரில், கொழுப்பால் ஈரல் வீங்கியிருந்தவர்களை ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். திரும்பச் சதை எடுத்துப் பார்த்ததில் 84 சதவீதம் பேருக்கு அந்த வீக்கம் போயிருந்தது. தழும்போ முதல் வருடத்துக்குப் பிறகும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தது.

எனக்கு உறுத்துவது அந்த நாலு டீதான். எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று நீங்கள் எழுதவில்லை. இட்லி இரைப்பையில் தங்கி ‘போதும்’ என்று சொல்ல வைக்கும். இனிப்பான டீயோ வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், வயிறு நிறைந்ததே தெரியாது. மிஞ்சுகிற சர்க்கரையை ஈரல் கொழுப்பாக மாற்றும். சர்க்கரையை நிறுத்துங்கள். சாப்பாட்டில் முதல் வாய் முட்டையோ, மீனோ, சுண்டலோ இருக்கட்டும், பசி தள்ளிப்போகும். பி12, இரும்பு, வைட்டமின் டி மாத்திரைகளை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் ஒன்று, நீங்கள் கேட்கவில்லை. மாதவிடாய் சீரானால் கரு தங்கும் வாய்ப்பும் கூடிவிடும். ஆபரேஷன் ஆகி 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் வேண்டாம். அதுவரை என்ன தடுப்பு முறை என்று மகப்பேறு மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

கேள்வி: என் கணவர் இரைப்பை பைபாஸ் முறையில் எடை குறைப்பு ஆபரேஷன் செய்தவர். ஈரலில் கொழுப்பும் இருக்கிறது. ‘ஒரே ஒரு பெக்’ பரவாயில்லையா?
— வாசகி, கோவை

பதில்: கூடாது. பைபாஸுக்குப் பிறகு மது ரத்தத்தில் சட்டென்று, முன்பைவிட அதிகமாக ஏறும். ஒரு பெக்கே முன்பு குடித்த இரண்டு பெக் மாதிரி தாக்கும். இரண்டாம் வருடத்தில் குடிப்பழக்கத்தில் விழுகிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்த செக்கப்புக்கு நீங்களும் கூடப் போய், எவ்வளவு குடிக்கிறார் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.