உங்கள் ரக்பி கிளப்பின் இரண்டாம் அணி ஆட்டம் கடைசி நேரத்தில் ரத்தாவது பற்றி

இரண்டு அணிகளையும் ஒரே கூட்டத்தில், முன்வரிசையிலிருந்து (ஸ்க்ரமில், அதாவது இரு அணியினரும் பிணைந்து பந்துக்காகத் தள்ளிக்கொள்ளும்போது, முன்னால் நிற்கும் மூவர்) தொடங்கித் தேர்வு செய்யுங்கள். முதல் அணிக்கு யாராவது வராவிட்டால் கீழிருந்து மேலே போகப்போவது யார் என்பதையும் அன்றே முடிவுசெய்து, அவரிடமே சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை காலையில் ஃபோன் போட்டு ஆளை இழுப்பதுதான் இரண்டாம் அணியைக் கொல்கிறது.

38 பேர் பதிவில் இருந்தும் ஆட்டம் ஏன் இப்படி ரத்தாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். குறைவது ஆட்களாக இருக்காது, முன்வரிசையின் இரு ஓரங்களில் நிற்கும் ப்ராப்பும் நடுவில் நிற்கும் ஹூக்கரும்தான் என்று நினைக்கிறேன். பொது விதிப்படி, மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்து 15 பேர் உள்ள அணிக்கு ஸ்க்ரம் முன்வரிசையில் ஆடப் பயிற்சி பெற்றவர்கள் 3 பேர் வேண்டும். 16 முதல் 18 பேர் என்றால் 4, 19 முதல் 22 வரை 5, 23 என்றால் 6. மைதான ஓரத்தில் ஓடி ஆடும் விங்கில் எத்தனை பேர் காத்திருந்தாலும் இந்தக் கணக்குக்கு உதவாது.

கடந்த சில ஆட்டங்களின் அணித்தாள்களை எடுத்து, முன்வரிசையின் மூன்று இடங்களில் ஆடிய பெயர்களை மட்டும் எண்ணுங்கள். ஏழெட்டுப் பேர்கூடத் தேறவில்லையா? காரணம் அதுதான். அப்புறம், இரண்டு அணிக்கும் ஒரே நாளில் ஆட்டம் வரும் வாரங்களில் எதிரணியிடமும் லீக்கிடமும் முன்பே பேசுங்கள். தள்ளல் இல்லாத ஸ்க்ரமுக்கு அனுமதி உண்டென்றால் ஆட்டத்தைக் காப்பாற்றிவிடலாம்.

ஆனால் பயிற்சி இல்லாதவரை முன்வரிசையில் நிறுத்திச் சமாளிக்கவே வேண்டாம், கழுத்துக்கு ஆபத்து. மாற்று ஆட்டக்காரர் எண்ணிக்கையும் அணி மாறி ஆடும் விதியும் லீக்குக்கு லீக் வேறுபடும். உங்கள் லீக்கின் விதிப்புத்தகத்தை முதலில் பாருங்கள்.