ஓடும்போதே எலக்ட்ரிக் காருக்குச் சார்ஜ் ஏற்ற முடியுமா?

கூரையில் காற்றாடி வைத்தால் ஓட ஓடச் சார்ஜ் ஏறாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறும், ஆனால் அது காற்றைத் தடுப்பதால் மோட்டார் அதைவிடக் கூடுதலாக இழுக்கணும், நஷ்டம்தான். சோலார் பலகை? நாள் முழுக்க வெயிலில் நிறுத்தினால் 10 கிலோமீட்டர் தேறும் (அப்புறம் சீட்டில் உட்கார முடியாது, அது வேறு கதை).

உருப்படியாகக் கைகொடுப்பது மலை இறக்கம். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, காரின் வேகத்தை மட்டுப்படுத்தியபடியே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் (இதுதான் ரீஜென்). ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 1,900 மீட்டர் இறக்கம். 1,500 கிலோ காருக்கு அது ஏறக்குறைய 7.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல், டயர் உராய்வு, காற்று, மற்ற இழப்பெல்லாம் போக 3 யூனிட்டாவது பேட்டரிக்குத் திரும்பும், அதாவது சமவெளியில் 20 கிலோமீட்டர் சும்மா கிடைக்கும். ரீஜெனை உச்சத்தில் வைத்து, கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் பிரேக்கைத் தொட்டால் போதும். ஆனால் ஊட்டி ஹோட்டலில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள், பேட்டரியில் இடமில்லை என்றால் ரீஜென் சரியாக வேலை செய்யாது, பிரேக் பேடுதான் தேயும்.